படித்துறையில் கேட்ட குரல்

அத்தியாயம் 14

"சுடலைமணி ஏணியில இருந்து விழுந்துட்டானாம்ளா."

புதன்கிழமை காலை இலை அறுத்துவிட்டு வந்த மந்திரமூர்த்தி, சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துக்கொண்டே சொன்னார். வாழைச்சாறு பட்டுக் கறுத்த சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இசக்கித்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"எந்த ஏணியில?"

"ஏணின்னா ஏணிதான். கொழாய் ஸ்பீக்கர் கழட்ட ஏறினானாம், சறுக்கிட்டானாம். காதுல அடியாம். கோவில் கமிட்டித் தலைவர்தான் ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காரு."

"அவங்கிட்ட ஏணி ஏது?"

மந்திரமூர்த்தி முகம் கழுவப் போய்விட்டார்.

வடகால்குறிச்சியில் மைக் செட் என்றால் சுடலைமணிதான். அவனுக்கு முக்காலியில் ஏறினாலே தலை சுற்றும். மூங்கிலைத் தரையில் கிடத்தி, அதன் தலைப்பில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, நாலு பேர் கைபிடிக்க மூங்கிலோடு சேர்த்துத் தூக்கி நிறுத்துவான். கழற்றும்போதும் மூங்கிலைப் பைய சாய்த்துப் படுக்க வைப்பான். "ஸ்பீக்கருக்கே பாடை கட்டுதான் பாரு" என்று கல்யாண வீட்டில் கேலி செய்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான். அப்படிப்பட்டவனை நேற்று ஒரே மத்தியானத்தில் ஏணியில் ஏற்றிவிட்டது ஊர்.

நேற்று சுடலைமாடன் கோவில் கொடைத் திருவிழாவில் மதியக் கொடை. இசக்கித்தாயும் தெருப் பெண்களும் கொடைச் சாப்பாட்டுக்குப் போகுமுன் குளிக்கப் படித்துறைக்குப் போயிருந்தார்கள். ஆற்றுக் கரையில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. வில்லுப்பாட்டு அதில்தான் வந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஓய்ந்தது. பிறகு ஓர் அதட்டல் வந்தது.

"கழட்டச் சொன்னா கழட்டணும். கேள்வியா கேக்க?"

அதன் பின்னால் குடத்தில் தட்டினதுபோல் ஒரு சத்தம். பிறகு ஓர் அழுகுரல்: "ஐயா, காது ஐயா. அடிக்காதீங்க ஐயா."

வில்லுப்பாட்டில் அடிவாங்கும் கட்டம் வந்தால் குடக்காரர் இப்படித்தான் தட்டுவார். பெண்கள் சிரித்தார்கள். "குடக்காரன் இன்னைக்கு வெளுத்து வாங்குதான்" என்று சொன்னதே இசக்கித்தாய்தான். முதுகுக்கு மஞ்சள் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

சற்று நேரத்தில் வில்லுப் புலவர் கை கழுவ ஆற்றில் இறங்கினார். அவரையும் பாராட்டினார்கள். அவர் திகைத்துப் போய்ச் சொன்ன பதில்தான் நேற்றிலிருந்து இசக்கித்தாயின் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

"நாங்க எங்கம்மா பாடினோம்? இலையில சாப்பிட உக்காந்து எம்புட்டு நேரம் ஆச்சு."

*

மந்திரமூர்த்தி சாப்பிட உட்கார்ந்தார். இசக்கித்தாய் தட்டை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.

"கொடைப் பாதுகாப்புக்கு வந்த எஸ்.ஐ. தான் அடிச்சிருக்காரு. அவரு குரல்தான். நான் கேட்டேன்."

"கேட்டியா, பாத்தியா?"

"கேட்டேன்."

"பாக்கலைல்லா. அப்பம் சும்மா இரு. ஊரே அதைத்தான் சொல்லுது. நான் பாக்கலை, நீ பாக்கலை, யாரும் பாக்கலை."

"நீங்க பந்தியிலதானே நின்னிய? மைக் செட்டுக் கொட்டகை அங்கனதானே இருக்கு?"

நேற்றைய கொடைச் சாப்பாட்டுக்கு இலை மந்திரமூர்த்தியின் உபயம். பந்தியில் இலை போட்டதும் அவர்தான்.

"பந்தியில நிக்கவன் இலையைத்தான் பாப்பான்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏளா, ஒனக்குப் புத்தி எங்க போச்சு? இன்னைக்குச் சாயந்தரம் மகாராஜன் ஏட்டு வாராரு. எதுக்கு வாராரு? நம்ம புள்ளைக்கு விசாரணை. அவரு எந்த ஸ்டேஷன்? அதே ஸ்டேஷன். ஒரு வருசமா அவ ஆத்தங்கரையில ஓடினதெல்லாம் நீ ஒரு வாயைத் தொறந்தா ஆத்தோட போயிரும்."

அவர் சொன்னது பொய்யில்லை. தேன்மொழி போலீஸ் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் தேறிவிட்டாள். ஊர் நடத்தை விசாரணை ஒன்றுதான் பாக்கி. மந்திரமூர்த்தி வெள்ளைச் சட்டையைத் தேய்த்து மடித்து வைத்திருந்தார். ஏட்டுக்குக் கொடுக்க ஒரு கலர் சோடா பாட்டில் வாங்கி, பானைத் தண்ணீரில் போட்டிருந்தார்.

"ஒரு வேளை கஞ்சி கொண்டு போய்க் குடுக்கதுல என்ன குத்தம்? தனலட்சுமி அங்கன ஒத்தையில கெடப்பா."

"கஞ்சி மட்டும்னா போ. வாயை இங்கன வச்சுட்டுப் போ."

உள் அறையிலிருந்து தேன்மொழி வந்தாள். தலைமுடியைப் பின்னி முடித்திருந்தாள். இதுவரை நடந்த பேச்சு முழுக்க அவள் காதில் விழுந்திருக்கிறது என்று முகமே சொன்னது.

"எம்மா, நானும் வாரேன்."

"நீ எதுக்குட்டி?" என்றார் மந்திரமூர்த்தி.

"தூக்குவாளி கனக்கும்லா" என்றாள் தேன்மொழி.

*

மினிபஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து தேன்மொழி கேட்டாள். "நீ என்ன கேட்டயோ அதை அப்படியே சொல்லும்மா. கூட்டாம, குறைக்காம."

இசக்கித்தாய் சொன்னாள். மகள் வெளியே வாழைத் தோட்டங்களைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீங்க சிரிச்சது, அவர் கத்தினதுக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தித்தான். கத்தினது கேட்டுத்தான் சிரிச்சோம்."



அரசு ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டில் மூன்றாவது கட்டிலில் சுடலைமணி கிடந்தான். இடது காதில் பஞ்சு. கன்னம் வீங்கி ஒரு கண் இடுங்கிப் போயிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி தனலட்சுமி விசிறியை வைத்துக்கொண்டு, ஆனால் வீசாமல், உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க மைனி" என்று எழுந்தாள். "பாருங்க, ஏணியில இருந்து விழுந்து வச்சிருக்காவ."

அவள் அதைச் சொன்ன விதத்தில், அந்த ஏணியை அவளும் நம்பவில்லை என்று தெரிந்தது.

"லே சுடலை, எப்படி இருக்க?"

"அந்தப் பக்கம் வந்து பேசுங்க மைனி. இந்தக் காது கேக்கலை."

இசக்கித்தாய் கட்டிலைச் சுற்றி மறுபக்கம் போனாள். மினிபஸ்ஸில் வரும்போது சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது வேறு.

"நான் சிரிச்சேன்லே."

"என்னது?"

"நேத்து நீ ஐயா அடிக்காதீங்கன்னு கத்தினைல்லா. படித்துறையில எங்களுக்குக் கேட்டுச்சு. வில்லுன்னு நெனைச்சு நான் சிரிச்சேன். குடக்காரன் வெளுக்குதான்னு சொன்னேன்."

சுடலைமணி ஒரு கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான்.

"படித்துறைக் கொழாயா? அதுவா ஓடிக்கிட்டு இருந்துச்சு?"

"ஆமா."

"சவத்த." தலையில் அடித்துக்கொள்ளப் போய், வலியில் கையை இறக்கினான். "எஸ்.ஐ. வந்து கொழாயைக் கழட்டச் சொன்னதும் கோவில் பக்கத்து லைனை நிறுத்திட்டு, ஏன்னு கேட்டேன் மைனி. ஆத்துப் பக்கம் வேற ஆம்ப்ளிஃபயர். அதை மறந்தே போனேன். மைக் மேசை மேல கெடந்துச்சு. பூராவும் அதுலயா போச்சு?"

"பூராவும் போச்சு."

அவன் கூரையைப் பார்த்தான். பிறகு கேட்ட கேள்வியில் தேன்மொழிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"தெளிவா கேட்டுச்சா? எரைச்சல் இல்லாம?"

"கண்ணாடி மாதிரி கேட்டுச்சு."

"போன மாசந்தான் அதுக்குப் புது யூனிட் போட்டேன்" என்றான் சுடலைமணி. கண் கலங்கியது. "நான் யாருக்குமே கேக்கலைன்னுல்லா நெனைச்சேன். கொட்டகைக்கு வெளிய நின்னவன் ஒருத்தன்கூடத் திரும்பலை. எங்கண்ணுக்கு முன்னாலயே தலைவர் ஏணின்னாரு. நானும் ஏணின்னே டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். செட்டை எடுத்துட்டுப் போயி ஸ்டேஷன்ல போட்டிருக்காவ. அது இல்லைன்னா நாங்க என்னத்தைத் திங்க?"

தனலட்சுமி விசிறியைக் கீழே வைத்தாள்.

"இப்பமாவது சொல்லுங்க. கேட்ட ஆளு முன்னால நிக்காவ. இன்னமும் ஏணியிலயே தொங்கிக்கிட்டு இருக்கப் போறியளா?"

சுடலைமணி மனைவியைப் பார்த்தான், இசக்கித்தாயைப் பார்த்தான். "டாக்டரம்மாவைக் கூப்பிடு" என்றான்.

*

டாக்டர் சாலோமி இளம் வயதுக்காரி. சுடலைமணி சொல்லி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

"நேத்தே கேக்கணும்னு இருந்தேன்" என்றாள். "ஏணியில இருந்து விழுந்தவருக்கு முழங்கையில ஒரு சிராய்ப்புகூட இல்லை. காதுச் சவ்வு மட்டும் எப்படிக் கிழியும்? சரி. நீங்க இப்ப சொன்னதை நீங்க சொன்னபடியே விபத்துப் பதிவுல சேக்கிறேன். யாரு, எங்க, எதால அடிச்சாங்க, எல்லாம். சவ்வு தன்னால கூடிரும், பயப்படாதீங்க. தண்ணி மட்டும் படக்கூடாது."

பிறகு இசக்கித்தாயின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாத்தீங்களாம்மா?"

"இல்லம்மா. கேட்டேன்."

"நல்லது. அப்ப கேட்டேன்னே சொல்லுங்க. பாத்தேன்னு ஒரு எழுத்துகூடச் சேக்காதீங்க. அவருக்கு உதவுறதா நெனைச்சுச் சேப்பாங்க, அதுதான் அவரைக் கவுத்திரும். நீங்க சொல்றதை என் பதிவுல எழுத முடியாது. எஸ்.பி. ஆபீசுக்கு மனுவா குடுங்க. குடுத்ததுக்கு ரசீது வாங்காம வந்துராதீங்க."

வெளியே வந்ததும் இசக்கித்தாய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றுவிட்டாள்.

"தேனு, வீட்டுக்குப் போவமா? ஒனக்கு விசாரணை முடியட்டும். பத்து நாள் கழிச்சுக் குடுத்தா என்ன?"

"பத்து நாள் கழிச்சுக் குடுத்தா, பத்து நாள் எங்க போயிருந்தியன்னு கேப்பாவ."

"ஒனக்கு வேலை போயிரும்ட்டி."

தேன்மொழி தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். அவளுக்கும் பயம் இருந்தது.

"நான் அந்தக் காக்கிச் சட்டையைப் போட்ட பொறவு இப்படி ஒண்ணைப் பாத்தா என்ன செய்யணும்மா?"

இசக்கித்தாய் யோசித்தாள். "தடுக்கணும்."

"போடுறதுக்கு முந்தியே வாயைப் பொத்திப் பழகினா, போட்ட பொறவு எப்படித் தொறக்கும்?" என்றாள் தேன்மொழி. "வா, பஸ் வருது. படித்துறையில எறங்கிருவோம். இந்த நேரம் எல்லாரும் துணி தொவைக்க வந்திருப்பாவ."

*

ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. படித்துறைக்கு மேலே மூங்கிலில் அந்தக் குழாய் ஸ்பீக்கர் இன்னும் நின்றது. கழற்ற ஆள் வரவில்லை. ஒரு மைனா அதன் வாயில் உட்கார்ந்திருந்தது.

இசக்கித்தாய் விஷயத்தைச் சொன்னதும் துணி அடிக்கும் சத்தம் நின்றது.

"யக்கா, நமக்கு எதுக்கு? நாம பாத்தமா?" என்றாள் ஆவுடைத்தாய். இசக்கித்தாயோடு நடவுக்குப் போகிறவள். வாய் நீளம், மனசு அகலம்.

"பாத்தேன்னு யாரு சொல்லச் சொன்னா? கேட்டேன்னு சொல்லு."

"கேட்டதுக்கெல்லாம் மனுக் குடுத்தா, எம் மாமியார் பேசுறதுக்கு நான் தெனம் ஒண்ணு குடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருத்தி மெல்லக் கேட்டாள். "நாம சிரிச்சதையும் எழுதணுமா?"

"எழுதணும் அத்தை" என்றாள் தேன்மொழி. படியில் உட்கார்ந்து, மடியில் தாளை வைத்திருந்தாள். "எழுதலைன்னா, அடிக்கிற சத்தம் கேட்டும் ஏன் ஓடிப் போய்ப் பாக்கலைன்னு முதல் கேள்வி வரும். வில்லுன்னு நெனைச்சோம், சிரிச்சோம், புலவர் வந்து சொன்ன பொறவுதான் தெரிஞ்சுச்சு. நடந்தது அதுதானே?"

"மானம் போகுதே பிள்ளை."

"சுடலைக்குக் காது போச்சு" என்றாள் இசக்கித்தாய்.

ஆவுடைத்தாய் கையிலிருந்த சேலையைப் பிழிந்து படியில் வைத்தாள்.

"என்னத்தைத்தான் எழுதியிருக்க, வாசி பாப்போம்."

தேன்மொழி வாசித்தாள். எஸ்.ஐ.யின் குரல் என்று எழுதிய இடத்தில் ஒருத்தி தடுத்தாள். "எனக்கு அவரு குரல் தெரியாது. யாரோ அதட்டினாவன்னு போடு." இன்னொருத்திக்கு அந்தக் குரல் தெரியும். சந்தையில் அவள் கடையைத் தூக்கச் சொன்னவர் அவர்தான். "எனக்கு நல்லாத் தெரியும். எம் பேருக்கு நேரா அப்படிப் போடு." ஆளுக்குத் தகுந்தபடி வரி மாறியது. சிலர் கையெழுத்துப் போட்டார்கள். ஒருத்தி ரேகை வைத்தாள். ரெண்டு பேர் வாளியை எடுத்துக்கொண்டு பேசாமல் கரையேறிப் போனார்கள். இசக்கித்தாய் அவர்களைக் கூப்பிடவில்லை. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவளும் அப்படித்தான் பின்வாங்கப் பார்த்தாள்.

"நாளைக்கு முதல் பஸ்ஸு" என்றாள் பொதுவாக. "தூத்துக்குடிக்கு. வாரவுக வாங்க."

ஆவுடைத்தாய் சோப்புக் கையைச் சேலையில் துடைத்தபடி அருகில் வந்தாள்.

"அது கெடக்கட்டும் யக்கா. ஒங்க வீட்டு அண்ணாச்சிக்கு நேத்து என்ன ஆச்சு? பந்தியில ஆளு உக்காந்த எடம் முடிஞ்சும் இலை போட்டுக்கிட்டே போனாவளாம். மதிலு வரைக்கும் வெறும் தரையில இலை. சுடலைமாடனுக்குத் தனிப் பந்தியான்னு எங்க வீட்டுக்காரர் ராத்திரி பூராவும் சிரிச்சாரு."

இசக்கித்தாய்க்கு அது புதுச் செய்தி. மந்திரமூர்த்தி ஒரு இலையை வீணாக்க மாட்டார். கிழிந்த இலையைக்கூடத் தைத்துப் போடச் சொல்கிற மனிதர்.

*

சாயந்தரம் மகாராஜன் ஏட்டு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். காதோரம் நரைத்தவர். நேற்று கொடைப் பாதுகாப்புக்கு வந்தவர்களில் அவர் இல்லை, வேறு ஊரில் இருந்தார்.

மந்திரமூர்த்தி வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கலரைத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி, நீங்களும் உக்காருங்க" என்றார் ஏட்டு. பேர், படிப்பு, எத்தனை வருடமாக இந்த ஊர் எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டார். "புள்ளை மேல வழக்கு ஏதும் இல்லைல்லா?"

"ஒண்ணும் கெடையாது ஐயா. எங்க வீட்டுல எந்த வம்பும் கெடையாது."

"சார்" என்றாள் தேன்மொழி. கதவோரம் நின்றவள் முன்னால் வந்தாள். "நாளைக்கு எங்கம்மா எஸ்.பி. ஆபீசுல மனுக் குடுக்கப் போறாவ. நேத்துக் கொடையில எஸ்.ஐ. சார் மைக் செட்டுக்காரரை அடிச்சது சம்பந்தமா. மனு எழுதினது நான்."

மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார்.

ஏட்டு தம்ளரை முழங்காலில் வைத்தபடி அவளையே பார்த்தார்.

"இதை எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத?"

"வேற யாராவது சொல்லி நீங்க தெரிஞ்சா, மறைச்சுட்டான்னு நெனைப்பிய. அதுவும் நடத்தைதானே சார்."

ஏட்டின் மீசைக்குக் கீழே ஏதோ அசைந்தது. சிரிப்பா, எரிச்சலா, தெரியவில்லை. அவர் மந்திரமூர்த்தியிடம் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு இது தெரியுமா? ஒங்க சம்மதத்தோடதான் நடக்கா?"

அவர் என்ன சொல்வார் என்று இசக்கித்தாய்க்குத் தோன்றிவிட்டது. தெரியாது, பொம்பளைகளாகச் செய்தது, அறியாத புள்ளை, மன்னிச்சிருங்க. அவர் இப்படிச் சொன்னால் அவளால் குறை சொல்ல முடியாது. காலையில் ஆஸ்பத்திரி வாசலில் அவளும் அதைத்தான் வேறு வார்த்தையில் சொன்னாள்.

மந்திரமூர்த்தி கண்ணைத் திறந்தார். மகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"இவ கேட்டா" என்றார் மெதுவாக. "நான் பாத்தேன்."

தேன்மொழி அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"கொட்டகைக்கு நேரா நின்னேன். கையில இலைக்கட்டு. முதல் அடியைப் பாத்தேன். ரெண்டாவது கை ஓங்கினதையும் பாத்தேன். பாக்காத மாதிரி குனிஞ்சு இலையைப் போட்டுக்கிட்டே போனேன். நிமுந்தா திரும்பவும் பாக்கணுமேன்னு போட்டுக்கிட்டே போனேன். மதிலு வந்து முட்டின பொறவுதான் ஆளே இல்லாத எடத்துல போட்டிருக்கேன்னு தெரிஞ்சுச்சு."

"ஏங்க" என்றாள் இசக்கித்தாய்.

"ராத்திரி முழுக்க அந்த இலைதான் கண்ணுக்குள்ள நிக்கி." அவர் தேன்மொழியிடம் கையை நீட்டினார். "பேனாவைத் தா. கேட்டவுகளுக்கு அடியில பாத்தவன் ஒருத்தன் வேண்டாமா?"

தேன்மொழி மனுவைத் தேடி எடுத்து வந்தாள். அப்பா சொல்லச் சொல்ல, அவர் கண்ட அளவுக்குத் தனியாக நாலு வரி எழுதினாள். மந்திரமூர்த்தி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வழக்கமாகப் பேரின் பாதியில் நின்றுவிடுகிறவர் இன்று முழுப் பேரையும் எழுதினார்.

ஏட்டு எழுந்தார். கலரை ஒரே மடக்கில் குடித்தார்.

"நான் எதையும் கேக்கலை, எதையும் பாக்கலைன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "வந்த வேலை ஒண்ணு. புள்ளை ஒழுக்கமானவ, உண்மை பேசுறவன்னு எழுதுவேன். அது எங் கண்ணால பாத்தது."

வாசலுக்குப் போய் வண்டியில் ஏறியவர், சாவியைத் திருகாமல் நின்றார்.

"தேன்மொழி. ரிப்போர்ட் நான் எழுதுவேன். அதுக்குக் கீழ கையெழுத்துப் போடுறவரு யாருன்னு தெரியும்லா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சுதான் சொன்னியா?"

"ஆமா சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் திரும்பும்வரை மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

இசக்கித்தாய் தோசைக்கல்லை ஏற்றினாள். நேற்றிலிருந்து தொண்டையில் நின்ற முள் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. நன்றாகப் பசித்தது. மந்திரமூர்த்தி வழக்கத்தைவிட ரெண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார். தேன்மொழி சாப்பிட்டுக்கொண்டே, சுடலைமணி காதில் பஞ்சோடு "எரைச்சல் இல்லாம கேட்டுச்சா" என்று கேட்டதை நடித்துக் காட்டினாள். மந்திரமூர்த்திக்குப் புரையேறியது. இசக்கித்தாய் அவர் தலையில் தட்டினாள்.

"பைய சிரிங்க. யாராவது வில்லுன்னு நெனைச்சிரப் போறாவ."

ரிப்போர்ட்டில் எஸ்.ஐ.யின் கையெழுத்து என்ன ஆகும் என்று ஒருவரும் பேசவில்லை. மூன்று பேருக்குள்ளும் அது இருந்தது. ஆனாலும் வீட்டுக்குள் காற்று ஓட்டமாக இருந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் இசக்கித்தாய் கையை நீட்டினாள். "வெள்ளைச் சட்டையைக் கழட்டுங்க. நாளைக்குத் தொவைக்கப் போடுதேன்."

மந்திரமூர்த்தி பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சட்டையை உதறி, கசங்காமல் ஆணியில் மாட்டினார்.

"தொவைக்க வேண்டாம். முதல் பஸ்ஸுக்கு நானும் வாரேன்லா" என்றார். "அங்கனயும் இதைத்தான் போடணும்."